வசந்தகாலப் பனிமலையில் கால் வைக்கும் முன்: யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு பனிச்சரிவு வழிகாட்டி

போன ஈஸ்டர் விடுமுறைக்கு என் மருமகன் ஒருவன் உரும்பிராயிலிருந்து சுவிஸில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போயிருந்தான். ஒரு நாள் இங்கே பின்னேரம் ஐந்தரை இருக்கும், அங்கே இரண்டு மணி, வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நீல வானம், பளிச்சென்று வெள்ளைச் சரிவு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன். கீழே ஒரு வரி: "மாமா, இதில ஏறலாமோ?"

நான் திருப்பிக் கேட்டேன்: "நேற்று இரவு நட்சத்திரம் தெரிஞ்சதோ?"

"நான் நித்திரை மாமா."

அன்றைக்கு ஏற வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடிக்கிற கதையாக இருக்கவில்லை. அவனுக்கு எழுதத் தொடங்கியதுதான் இப்படி நீண்டுவிட்டது.

என்னைப் பற்றி இரண்டு வரி. சுவிஸின் கிறவுபுண்டன் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் ஹொட்டல் சமையலறையில் 19 வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். மலை வழிகாட்டி இல்லை. ஒரு ஏப்ரல் மாதம் பட்ட பயத்துக்குப் பிறகு வார இறுதிப் பனிச்சரிவு வகுப்புகளுக்குப் போய், பிறகு ஒவ்வொரு வசந்தமும் ஏறி இறங்கிப் பழகியவன். பனிச்சறுக்கில் கெட்டிக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. விடுமுறைக்குப் போய், பனிச்சப்பாத்து வாடகைக்கு எடுத்து, "சும்மா கொஞ்சத் தூரம்" நடக்க நினைக்கும் நம்மவர்களுக்கும், நேபாளம் போகக் காசு சேர்க்கும் இளம் பிள்ளைகளுக்கும்தான் இது.

நமக்கு மலை பழக்கமில்லை. குடாநாட்டில் மலை என்று இருப்பது கீரிமலை. அங்கே போனால் கேணிதான் இருக்கிறது. ஆனால் மணலும் பனியும் வெய்யிலும் நமக்குத் தெரியும். அதை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

1. முதலில் கோணம்

பனிச்சரிவு என்றால் மலைச்சரிவில் கிடக்கும் பனி பெயர்ந்து கீழே ஓடி வருவது. அதற்கு முதல் தேவை சாய்வு. ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில் சாய்ந்த நிலத்தில்தான் கிளம்புகின்றன. 38 பாகையை ஒட்டிய சரிவுகள் மிக மோசம். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அதிகம் தங்குவதில்லை, விழ விழவே கொட்டிவிடும். 30க்குக் குறைந்தால் பெரும்பாலும் அசையாது.

இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைக்கப் பள்ளிக்கூடக் கொம்பாஸ் பெட்டியே போதும். உள்ளே இரண்டு மூலைமட்டம் இருக்கும். ஒன்றின் கூரான மூலை 30 பாகை, மற்றதன் மூலை 45. அந்த இரண்டு மூலைக்கும் நடுவில் விழும் சரிவெல்லாம் சந்தேகத்துக்கு உரியது. போனில் சாய்வு அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. ஊன்றுகோலைச் சரிவின்மேல் கிடத்தி அதன்மேல் போனை வையுங்கள். ஆனால் சரிவின்மேல் நின்று அளப்பது பாம்பின் வாலைப் பிடித்து நீளம் பார்ப்பது போன்றது. வீட்டில் இருந்து வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போவதுதான் சரி.

சுவிஸ் அரசின் இணைய வரைபடத்தில் சரிவுகளுக்கு நிறம் போட்ட ஒரு அடுக்கு உண்டு. 30 முதல் 35 வரை மஞ்சள், 35 முதல் 40 வரை செம்மஞ்சள், 40 முதல் 45 வரை சிவப்பு, அதற்கு மேல் ஊதா. காகித வரைபடம் என்றால் 1:25,000 அளவுள்ளதை எடுங்கள். 100 மீற்றர் உயர வித்தியாசமுள்ள இரண்டு கோடுகளுக்கு இடையில் 7 மில்லிமீற்றரைவிடக் குறைவாக இருந்தால் அங்கே சாய்வு 30 பாகையைத் தாண்டிவிட்டது.

30 பாகை என்றால் கால் எப்படி உணரும் என்று அறிய மணற்காட்டுக்குப் போங்கள். மண்ணுக்குள் புதைந்த பழைய தேவாலயத்தைப் படம் எடுத்த பிறகு, காற்றுக்கு மறைந்த பக்கத்தில் ஒரு மணற்குன்றின்மேல் ஏறி நில்லுங்கள். காய்ந்த மணல் தானாகச் சரிந்து ஓய்ந்து நிற்கும் கோணம் 33, 34 பாகை. குதிக்காலை ஊன்றினால் உங்களுக்குக் கீழே ஒரு தட்டு மணல் மெல்ல வழுகிப் போகும். அந்தச் சாய்வில் மணலுக்குப் பதில் ஒரு மீற்றர் பனி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் நடக்கும் பாதை மட்டமாக இருக்கலாம், தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மேலே 38 பாகைச் சரிவில் கிளம்பியது, கீழே மட்டமான புல்வெளிக்கு வந்தும் நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடும். ஆற்றங்கரைப் பாதையில் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து நடப்பவருக்கும் இது பொருந்தும்.

2. சீனியும் பிட்டு மாவும்

பனிச்சரிவு எல்லாம் ஒரே சாதி இல்லை. உதிரிப் பனி ஒரு புள்ளியில் கிளம்பி, கீழே வர வர விரிந்து, பேரிக்காய் வடிவில் ஓடும். பலகைச் சரிவு அப்படி இல்லை. இறுகிய ஒரு படை, அடியில் இருக்கும் பலமற்ற படையின்மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் இருக்கும் படை நொறுங்கியதும் மேலே குறுக்காக ஒரு வெடிப்பு ஓடும்; முழுப் பலகையும் ஒரேயடியாகப் புறப்படும். நீங்கள் அதன் நடுவில் நிற்பீர்கள். பனிச்சரிவில் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலானோரின் விடயத்தில் அந்தப் பனிச்சரிவைக் கிளப்பியது அவர்களே, அல்லது கூட வந்தவர்.

வீட்டில் செய்து பாருங்கள். ஒரு தாம்பாளத்தில் பழைய துவாயை விரியுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே வழுக்கிவிடும். அதன்மேல் பிட்டுக்குக் குழைத்த மாவை ஒரு விரல் தடிப்புக்குப் பரப்பி மெதுவாக அழுத்துங்கள். தாம்பாளத்தை ஒரு பக்கம் உயர்த்தினால் மா நின்றுகொள்ளும். இப்போது அதைக் கொட்டிவிட்டு, துவாயின்மேல் முதலில் சீனியைத் தூவி, அதற்கு மேல் அதே மாவை அழுத்துங்கள். உயர்த்துங்கள். முன்பு நின்ற கோணத்துக்கு வரும் முன்பே மா ஒரு துண்டாக வழுக்கி வரும். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கும். நான் செய்து காட்டியபோது என் அக்கா சீனி விலையைச் சொல்லிப் பேசினார், அது வேறு கதை.

மலையிலும் அந்தச் சீனி உண்மையாகவே இருக்கிறது. மாரிகாலத் தொடக்கத்தில் மெல்லியதாக விழுந்த பனி, நீண்ட குளிரில் உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகளாகிவிடும். கையில் அள்ளினால் விரலிடுக்கால் ஓடும். மாதக்கணக்கில் அடியில் கிடக்கும். குளிரில் மேலே இருக்கும் படைகளின் தயவில் அது சும்மா இருக்கிறது. வசந்தத்தில் உருகிய நீர் முதல் முறையாக அந்த ஆழத்தை எட்டும்போது, சீனிக்கு நீர் பட்டால் என்ன ஆகுமோ அதுதான். முழுப் பனிப்போர்வையும் நிலம்வரை பிய்த்துக்கொண்டு போகும். ஈரப் பலகைச் சரிவு என்பது இது. நீர் முதலில் நுழையும் அந்தச் சில நாட்கள்தான் வசந்தத்தின் மிகக் கெட்ட நாட்கள்.

இன்னும் இரண்டு வகை உண்டு. ஒன்று, வழுவழுப்பான புல் சரிவின்மேல் முழுப் பனியும் மெல்ல நகர்ந்து, வாய் திறந்ததுபோல் மண்ணிற வெடிப்புக் காட்டும். அது எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அதற்குக் கீழே நின்று தேத்தண்ணி குடிக்காதீர்கள். மற்றது மலைமுகட்டில் காற்று கட்டிய பனித் தாழ்வாரம். நம் வீட்டுத் தாழ்வாரம்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கீழே தூண் இல்லாமல். மேலே நடப்பவருக்கு அது நிலம் போலவே தெரியும். விளிம்பிலிருந்து தள்ளி நடவுங்கள். நீங்கள் போதும் என்று நினைக்கும் தூரத்தைவிட இன்னும் தள்ளி.

சத்தம் போட்டால் சரிவு வரும் என்பது சினிமாக் கதை. மனிதக் குரலுக்கு அவ்வளவு பலம் இல்லை. தாராளமாகக் கூப்பிடுங்கள்.

3. இரவைப் பாருங்கள்

மருமகனிடம் நட்சத்திரம் கேட்டதற்கு வருகிறேன்.

தை மாதத்தில் முற்றத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிளைக் காலையில் போய்ப் பாருங்கள். வானம் வெளித்திருந்த இரவென்றால் இருக்கை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். முகில் மூடிய இரவென்றால் காய்ந்திருக்கும். வெளித்த வானத்தை நோக்கி எல்லாப் பொருளும் தன் சூட்டை விட்டுவிடுகிறது. சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. முகில் இருந்தால் அது போர்வைபோலச் சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. நாம் பனி என்று சொல்லும் அந்த ஈரம் வருவதற்குக் காரணமான அதே வேலைதான் அங்கே மலைப்பனியையும் உறைய வைக்கிறது.

பகல் வெய்யிலில் மேல்பனி ஈரமாகிறது. இரவு வானம் வெளித்திருந்தால் அந்த ஈரம் உறைந்து கல்லுப்போன்ற பொருக்கு ஆகிறது. காற்றின் வெப்பம் சுழியத்துக்கு இரண்டு மூன்று பாகை மேலே இருந்தாலும், வானம் தெளிந்து காற்று உலர்ந்திருந்தால் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். முகில் மூடிய இரவில் காற்று சுழியத்தைத் தொட்டாலும் பனி நன்றாக உறையாது. வெப்பமானியை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மழை பெய்த இரவு என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கு ஊர் பார்க்கப் போங்கள்.

அந்த மலைகளில் ஒரு சூட்டுக் காற்றும் உண்டு. நம் சோளகம் போல அதற்கென்று ஒரு பெயர், ஃபோன். தமிழில் எழுதினால் கைத்தொலைபேசி என்று நினைப்பீர்கள். தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கி வரும்போது சூடாகி உலர்ந்துவிடும். அது வீசத் தொடங்கினால் ஊரில் ஒரே நாளில் கோடை வந்ததுபோல இருக்கும். மலையில் பனி நனைந்து கனக்கத் தொடங்கும்.

அப்போ, இரவு சரியாக உறைந்ததா என்று எப்படி அறிவது? விடிய வெள்ளன எழும்பி, பனியில் கால் வையுங்கள். சப்பாத்து பதியவில்லை, குதிக்கால் அடித்தால் "டக்" என்கிறது என்றால் நல்லது. பொருக்கு உடைந்து கணுக்கால்வரை போகிறது என்றால் அது மெல்லிய ஓடு. வெய்யில் பட்டதும் கரைந்துவிடும், திட்டத்தைச் சுருக்குங்கள். முழங்கால்வரை புதைகிறது, அடியில் கஞ்சிபோல் இருக்கிறது என்றால் திரும்பி வந்து படுங்கள்.

4. மணிக்கூடு

இரவு நன்றாக உறைந்திருந்தாலும் அந்த உறுதிக்கு ஆயுள் சில மணித்தியாலம்தான். சூரியன் எந்தப் பக்கம் முதலில் படுகிறதோ அந்தப் பக்கம் முதலில் இளகும். கிழக்கு பார்த்த சரிவுகள் விடியவே இளகத் தொடங்கும், முற்பகலில் தெற்கு, பின்னேரத்தில் மேற்கு. வடக்குச் சரிவுகள் வாரக்கணக்கில் பிந்தி, தங்கள் பாட்டில். கிழக்குச் சரிவு பாதுகாப்பாக இருக்கிறது என்று காலை ஆறு மணிக்குப் பார்த்ததைப் பத்து மணிக்குச் சொல்லக்கூடாது.

ஈர மணல் நல்ல உவமை. கொஞ்சம் ஈரம் இருந்தால் மணலில் வீடு கட்டலாம். இன்னும் ஒரு வாளி ஊற்றினால் வீடு ஓடிவிடும். பனியும் அப்படித்தான்: சிறிது நீர் மணிகளைச் சேர்த்துப் பிடிக்கும், அளவு கூடினால் பிணைப்பு விட்டுவிடும்.

எனவே அங்கே வசந்தத்தில் மலையேறுகிறவர்கள் நாளைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். நண்பகலுக்கு முன் செங்குத்தான இடங்களை எல்லாம் விட்டுவிட வேண்டும். அப்படியென்றால் உச்சியில் பத்து மணிக்கு மேல் நிற்கக்கூடாது. அப்படியென்றால் நாலு, நாலரைக்குப் புறப்பட வேண்டும். மலைக் குடில்களில் அதற்கேற்ப இருட்டோடு காலைச் சாப்பாடு தருவார்கள். மேல் ஓரிரு செ.மீ. மட்டும் இளகி, அடியில் பொருக்கு உறுதியாக இருக்கும் ஒரு சிறிய நேரம் முற்பகலில் வரும். பனிச்சறுக்குக்காரர்கள் அதை ஃபிர்ன் என்பார்கள், அதற்காகவே உயிரை விடுவார்கள். (சிலர் உண்மையாகவே. ஃபிர்ன் முடிந்த பிறகும் இன்னொரு தரம் ஏறி.)

என் கதை இங்கேதான் வருகிறது. ஹொட்டல் சமையலறையில் மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு இடைவெளி உண்டு. சிம்மர்ஸ்டுண்டெ என்பார்கள். எங்களுக்கு அது இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை. வருடம் முழுவதும் எங்களுக்கு வெய்யில் கிடைப்பது அந்த மூன்று மணித்தியாலத்தில்தான். ஒரு ஏப்ரல் நாள், நானும் கோப்பை கழுவும் இரண்டு பொடியங்களும் பனிச்சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருந்த ஓடைப் பாதையில் ஏறினோம். பாதை மட்டம். வெய்யில் சுட்டதில் மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். மேலே மேற்குச் சரிவிலிருந்து தேங்காய் அளவில் பனி உருண்டைகள் தனித்தனியே உருண்டு வந்து, நத்தை ஓடுபோலச் சுருண்டு எங்கள் முன்னால் நின்றன. ஒருவன் அதை எடுத்து மற்றவன்மேல் எறிந்தான். நாங்கள் சிரித்தோம்.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. இடி இல்லை, லொறியிலிருந்து ஈரக் கல் பறிக்கிற சத்தம், நிற்காமல். எங்களுக்கு ஒரு நாற்பது யார் முன்னால் ஓடைக்குள் அது இறங்கியது. வேகம் பெரிதில்லை, ஆள் ஓடுகிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் மரத்தைச் சுற்றிப் போகவில்லை, மரத்தோடு போனது. நின்ற பிறகு கிட்டப் போய்ச் சவளால் குத்திப் பார்த்தேன். சவள் துள்ளியது. ஒரு நிமிடத்துக்கு முன் கூழாக ஓடியது சீமெந்தாகியிருந்தது. ஓடைக்குள் அதன் ஆழம் என் உயரத்துக்கு மேல்.

அந்த உருண்டைகள்தான் எச்சரிக்கை. நாங்கள் அதை எறிந்து விளையாடினோம்.

5. அறிக்கையை வாசித்தல்

சுவிஸில் டாவோஸ் நகரில் உள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் மாரிகாலத்தில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கும், காலை எட்டு மணிக்கும் அறிக்கை விடுகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் நான்கிலும் வரும். வைட் ரிஸ்க் என்ற செயலியில் பார்க்கலாம். ஐரோப்பா முழுக்க அளவுகோல் ஒன்றுதான்: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம்.

இந்த 3 ஆளை ஏமாற்றும் எண். ஐந்தில் மூன்று என்றால் சோதனையில் சாதாரணச் சித்தி மாதிரித் தெரிகிறது. ஆனால் 4, 5 என்றால் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். வானம் நீலமாக இருக்கும் 3 நாளில்தான் கூடுதலானோர் இறக்கிறார்கள். 3 என்றால் ஒரு ஆளின் பாரத்துக்கே சரிவு கிளம்பக்கூடும் என்று அர்த்தம். அனுபவம் இல்லாதவர் குறிக்கப்பட்ட பாதையை விட்டு இறங்கக்கூடாத நாள்.

எண்ணோடு நின்றுவிடாதீர்கள். எந்த உயரத்துக்கு மேலே, எந்தத் திசைச் சரிவில் என்று ஒரு சிறு வட்டப்படம் போட்டிருப்பார்கள். பிரச்சினை என்ன வகை என்றும் இருக்கும்: புதுப்பனி, காற்று குவித்த பனி, பழைய பலமற்ற படை, ஈரப்பனி, வழுக்கும் பனி என்று ஐந்து. வசந்தத்தில் உலர்பனிக்கு ஒரு எண், ஈரப்பனிக்கு வேறு எண் என்று தனித்தனியாகத் தருவதும் உண்டு. காலையில் 1 இருந்தது பிற்பகலில் 3 ஆகும். காலையில் திரையைப் படம் பிடித்து வைத்து அதைப் பிற்பகலில் காட்டி, "பார், ஒன்றுதானே" என்று வாதாடிய ஒருவரை எனக்குத் தெரியும்.

6. பையில் என்ன

மூன்று பொருள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. குழுவுக்கு ஒன்று என்பது கணக்கில்லை, ஏனென்றால் அதை வைத்திருப்பவரே புதையலாம்.

தேடுகருவி. எல்விஎஸ் என்று அங்கே சொல்வார்கள். 457 கிலோஹேர்ட்ஸில் ஓயாமல் சைகை அனுப்பும். தேடும்போது மற்றவரின் சைகையைப் பிடிக்கும். எந்த நிறுவனம் செய்தாலும் ஒரே அலைவரிசை. உடம்போடு கட்ட வேண்டும், பைக்குள் அல்ல. போனை அதிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ.

துழாவுகோல். மடித்து வைக்கிற நீளக் கம்பி, 240 செ.மீ. அல்லது அதற்கு மேல். அலவாங்கு மாதிரி இல்லை, மிக இலகு.

சவள். உலோகம்தான். பிளாஸ்ரிக் சவள் நான் குத்திப் பார்த்த அந்தச் சீமெந்தில் உடைந்துவிடும்.

மூன்றும் மலை ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்டு போவது மட்டும் போதாது. ஒரு தரமாவது பூங்காவில் ஒன்றைப் புதைத்துத் தேடிப் பழகுங்கள். பழகாதவர் கையில் அது மாலைபோலத் தொங்கும் ஒரு பெட்டி.

7. நடக்கும்போது

புறப்படும் இடத்திலேயே எல்லோருடைய கருவியும் வேலை செய்கிறதா என்று ஒவ்வொருவராகக் கடந்து சோதியுங்கள். சந்தேகமான சரிவை ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் கடந்து முடிந்த பிறகே அடுத்தவர் கடக்க வேண்டும். காத்திருப்பவர்கள் அதற்குக் கீழே நிற்கக்கூடாது. ஊன்றுகோல் வாரைக் கையிலிருந்து கழற்றுங்கள். ஓடை, குழி, மரக்கும்பல் இவற்றுக்கு மேலே உள்ள சிறு சரிவையும் சிறிதென்று நினைக்காதீர்கள். சிறிய சரிவு ஓடைக்குள் குவிந்தால் ஆள் உயரம்.

திரும்ப வேண்டிய அடையாளங்கள்: பனி உருண்டைகள் தானாக உருள்வது, பக்கத்துச் சரிவில் புதிதாக ஒன்று விழுந்திருப்பது, காலடியில் "வூம்" என்ற அமுங்கல் சத்தம், காலிலிருந்து வெடிப்பு ஓடுவது, பொருக்கு உடைந்து கணுக்காலைத் தாண்டிப் புதைவது. ஒன்று போதும். இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கூட வந்தவர்கள் முன்னால் "பயந்துட்டார்" என்ற பெயர் வரும் என்று பேசாமல் இருப்பது நம்மவர்களிடம் ஒரு நோய். அதனால் புறப்படும் முன்பே ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்: யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்புவது, காரணம் கேட்பதில்லை. அப்புறம் திரும்பும் நேரம். அது உச்சிக்குப் போனோமா இல்லையா என்று பார்க்காது.

8. ஒருவர் புதைந்தால்

சுவிஸ் ஆய்வுகளின் கணக்கு இது: முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணித்தியாலத்தில் அது மூன்றில் ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது. மூச்சுத்தான் பிரச்சினை, குளிர் அதற்குப் பிறகு. ஹெலிகொப்டர் 10 நிமிடத்தில் வருவது அரிது. எடுப்பது நீங்கள்தான்.

அடிபடுகிறவர் நீங்களாக இருந்தால்: கத்துங்கள், பக்கவாட்டில் தப்பப் பாருங்கள், ஊன்றுகோலை விடுங்கள். வேகம் குறையும்போது இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு ஒரு இடம் செய்யுங்கள். நின்ற பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது.

வெளியே நிற்பவராக இருந்தால், கடைசியாக எங்கே கண்டீர்கள் என்பதை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். இன்னொரு சரிவு வருமா என்று மேலே ஒரு பார்வை. ஒருவர் அவசர அழைப்பு: சுவிஸில் ரேகா என்ற வான்வழி மீட்புச் சேவைக்கு 1414, ஐரோப்பாவில் எங்கும் 112. மற்ற எல்லோரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மறந்து அனுப்பும் நிலையில் விட்டால் எல்லோரும் அவரையே தேடிக்கொண்டிருப்பீர்கள். கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து கீழே, ஓடிக்கொண்டு. கையுறை, தொப்பி, தடி எது கிடந்தாலும் பாருங்கள். கருவி காட்டும் தூர எண் குறையக் குறைய வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடியுங்கள். எண் மிகக் குறைந்த இடத்தில் துழாவுகோலைச் செங்கோணமாகக் குத்துங்கள். படாவிட்டால் 25 செ.மீ. தள்ளித் தள்ளிச் சுருள் வட்டமாக. ஆளில் பட்டால் நிலத்தில் படுவதுபோல இராது, மெத்தென்று இருக்கும். பட்ட கோலைக் கழற்றாதீர்கள்.

தோண்டுவது கோலுக்கு நேரே கீழ்நோக்கி அல்ல. சரிவின் கீழ்ப்பக்கம், ஆழத்தின் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, பக்கவாட்டில் அவரை நோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். நாலு பேர் இருந்தால் ஆப்பு வடிவில் நின்று, முன்னால் இருப்பவர் வெட்ட, பின்னால் இருப்பவர்கள் பனியைத் தள்ள, நிமிடத்துக்கு ஒரு தரம் முன்னாளை மாற்றுங்கள். முதலில் தலையை வெளியே எடுத்து, வாய்க்குள் இருக்கும் பனியை அகற்றுங்கள், பிறகு நெஞ்சை விடுவியுங்கள். மூச்சு இல்லையென்றால் வாயில் ஊதுவதும் நெஞ்சை அமுக்குவதும் இரண்டும் வேண்டும். எடுத்த பிறகு படுக்க வைத்தபடியே போர்த்துங்கள், எழுப்பி நடக்க விடாதீர்கள்.

9. நேபாளம் போகிறவர்களுக்கு

அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீற்றரில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் அதற்குப் போகும் வழியில் தெயுராலிக்கும் மச்சாபுச்ரே முகாமுக்கும் இடையே ஒரு ஒடுங்கிய பள்ளத்தாக்கு. பாதை நல்ல பாதை, ஏற்றமும் பெரிதில்லை. இடர் தலைக்கு மேலே, ஹியுன்சுலி மலையின் கண்ணுக்குத் தெரியாத சரிவுகளில். நீங்கள் பார்ப்பது பாறைச் சுவர். பனி அதற்கும் மேலே. 2020 ஜனவரியில் தெயுராலி அருகே 4 தென்கொரியரும் 3 நேபாளிகளும் அப்படி விழுந்த சரிவில் இறந்தார்கள்.

இங்கே உங்கள் செயலியும் அறிக்கையும் கைகொடுக்காது. முதல் நாள் இரவு விடுதிக்காரரிடம் கேளுங்கள்: இன்று விழுந்ததா, எத்தனை மணிக்கு, ஆற்றின் எந்தக் கரையால் ஆட்கள் போகிறார்கள்? அவர் சொல்வதுதான் அறிக்கை. மேலே வெய்யில் படும் முன், விடியலோடு அந்தத் துண்டைக் கடந்துவிடுங்கள். நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். கடும் பனி பெய்திருந்தால் ஒன்றிரண்டு நாள் கீழேயே தங்குங்கள். அதற்காகப் பயணத்தில் இரண்டு நாள் கூட்டியே வையுங்கள், ஏனென்றால் விமானச் சீட்டுத் தேதிதான் நிறையப் பேரைத் தவறான காலையில் நடக்க வைக்கிறது.

ஒரு சின்ன விடயம் மிச்சம். கருவியைச் சொந்தமாக வாங்கினால், ஊருக்கு வந்ததும் பட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். என்னுடையது இரண்டு வருடம் அலுமாரியில் கிடந்தது. மருமகனுக்குக் காட்டலாம் என்று போன மாதம் திறந்தேன். யாழ்ப்பாணத்து வெக்கைக்குப் பட்டரி கசிந்து, உள்ளே இருந்த தகடெல்லாம் பச்சை பிடித்துப் போயிருந்தது.